அறியாதார் வீட்டில் ஒரு விருந்து



விருந்து என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கலியாண வீடு. தலைவாழை இலையும், வகைவகையான கறிகளும், பந்தி பந்தியாக அமர்ந்திருக்கும் சுற்றத்தாரும் நம் நினைவுக்கு வருவர். ஆயின், தமிழில் இச்சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை என்பதே. புதிதாகப் புனையப்படும் செய்யுளையும் தொல்காப்பியர் விருந்து என்ற சொல்லாலேயே குறித்தார். ஆகவே விருந்தினர் என்பார் புதியவர்; முன்பின் அறியாதவர். மாமன் மகளும் அத்தை மகனும் நம் வீட்டில் வந்து உண்பது உறவாடல்தான். சொல்லின் முதற்பொருளில் அது விருந்தாகாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறைகளில் நான் இவ்விளக்கத்தைச் சொல்லி வந்திருக்கிறேன். அதன் பொருளை ஓர் இரவு எனக்கு உணர்த்தியது இலண்டன் மாநகரில், பெயர் அறியாத ஒருவருடைய வீட்டு மேசை. அந்த இரவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பாடசாலை விடுமுறையோடு சில நாட்கள் விடுப்பும் சேர்த்துக்கொண்டு, இலண்டனில் வாழும் என் தங்கையைப் பார்க்கச் சென்றிருந்தேன். டிசெம்பர் மாதம். மாலை நான்கு மணியாகும் முன்னரே அங்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஒருநாள் என் பெறாமகள், அதாவது தங்கையின் மகள், என்னிடம் வந்து, "பெரியம்மா, வருகிற சனிக்கிழமை இரவு உங்களை ஓர் அண்டர்கிரவுண்ட் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்" என்றாள். இலண்டனில் அண்டர்கிரவுண்ட் என்றால் நிலத்தடிப் புகையிரதம். அந்தப் புகையிரத நிலையம் ஒன்றிலே, படியிறங்கிப் போய், நெரிசலுக்கு நடுவே நின்றுகொண்டு உண்பதாக்கும் என்று நான் எண்ணி, "எனக்கு முழங்கால் வலி, வேண்டாம்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

பின்னர் அவள் விளக்கினாள். நிலத்துக்கு அடியில் இருப்பது என்பதன்று பொருள். வெளிப்படையாகப் பெயர்ப்பலகை இட்டு நடத்தப்படாதது என்பதே பொருள். சமையலில் விருப்பமுடைய ஒருவர் தம் சொந்த வீட்டிலேயே மாதத்தில் ஓரிரவு பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சமைப்பார். வருபவர் முன்கூட்டியே பணம் கட்டிவிடுவர். பணம் கட்டிய பின்னர்தான் வீட்டு முகவரி சொல்லப்படும். வருபவர்கள் ஒருவரையொருவர் அறியார், வீட்டாரையும் அறியார். அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே உணவை உண்டு, கலைந்து செல்வர். இதற்கு அங்கே 'சப்பர் கிளப்' என்று பெயர்.

இந்த வழக்கம் ஒரு நாட்டில் மட்டும் தோன்றியதன்று. கியூபா நாட்டிலே சோவியத் உதவி நின்று பொருளாதாரம் நலிந்த காலத்தில், குடும்பத்தவர் தம் வீட்டின் முன் அறையில் பிறருக்கு உணவு பரிமாறிப் பிழைக்கத் தலைப்பட்டனர். பின்னர் அரசு அதற்குச் சட்டப்படி இடமளித்தது. ஆயினும் பன்னிரண்டு இருக்கைகளுக்கு மேல் போடலாகாது என்று விதித்தது. ஹொங்கொங் நகரிலே கடை வாடகை கொடுக்க இயலாத சமையற்காரர் மாடிக் குடியிருப்புகளில் இவ்வாறு உணவளித்தனர். இலண்டனில் இவ்வழக்கம் பரவியது 2009ஆம் ஆண்டளவில். உலகெங்கும் வங்கிகள் நெருக்கடிக்குள்ளாகிப் பலர் தொழிலை இழந்திருந்த வேளை அது. ஆகவே, வறுமையும் வாடகையுமே இந்த மேசைகளை முதலில் விரித்தன எனலாம்.

தொடக்கத்தில் சட்டத்தின் கண்ணிற் படாமல் நடந்ததாலேயே அதற்கு அப்பெயர் ஏற்பட்டது. இன்று இங்கிலாந்திலே வீட்டிலிருந்து உணவு விற்பவரும், தொழிலைத் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்னரேனும் உள்ளூராட்சிச் சபையிற் பதிவு செய்தல் வேண்டும். ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை எனச் சட்டம் குறித்துள்ள 14 பொருட்களுள் எவை உணவில் உள்ளன என்பதையும் உண்பவருக்குச் சொல்லுதல் வேண்டும். மதுபானம் விற்க உரிமம் இல்லாத வீடுகளில், வேண்டுவோர் தாமே கொண்டுவருவர். ஒளிவு மறைவு போயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

"பணம் வாங்கிக்கொண்டு சோறு போடுவது கடை, அதற்கு வீடு என்ன, வாசல் என்ன?" என்று நான் கேட்டேன். "வந்து பாருங்கள், பெரியம்மா" என்றாள். தலைக்கு 45 பவுண். நம் நாட்டுக் காசிலே பதினாறாயிரம் ரூபாவுக்கு மேல். கணக்குப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அவள் முன்னரே பணத்தைக் கட்டியிருந்தபடியால் மறுக்க வழியில்லை.

மற்றுமொன்று. அந்த மேசையில் மீனோ இறைச்சியோ முட்டையோ பாலோ நெய்யோ தேனோ வராது. என் பெறாமகள் நான்கு ஆண்டுகளாக அந்த நெறியில் நிற்பவள். 'வீகன்' என்று அதனைச் சொல்லுகிறார்கள். நம்மவர் பலர் இதனைச் சைவ உணவு என்றே கருதுகின்றனர்; அது சரியன்று. நம் சைவ உணவிலே பால் உண்டு, தயிர் உண்டு, நெய் உண்டு. வீகன் நெறியில் விலங்கிடமிருந்து பெறுவது எதுவும் இல்லை.

இச்சொல் பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்தில் மரக்கறி உண்போர் சங்கம் 1847ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் பாலையும் முட்டையையும் பற்றிய விவாதம் அதனுள் ஓயவில்லை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், டொனால்ட் வாட்சன் என்பவரும் அவரோடு ஒத்த கருத்துடைய சிலரும் கூடி, பாலையும் நீக்கும் தனிச் சங்கமொன்றைத் தொடங்கினர். வெஜிடேரியன் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துக்களையும் கடைசி இரண்டு எழுத்துக்களையும் இணைத்து வீகன் என்ற பெயரை ஆக்கிக்கொண்டனர். இறைச்சியும் வெண்ணெயும் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்ட காலத்தில், கிடைத்த பாலையும் வேண்டாமென்ற அவர்களை அயலவர் எப்படிப் பார்த்திருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். வாட்சன் அவர்கள் ஒரு பாடசாலை ஆசிரியர். தச்சு வேலை கற்பித்தவர். சிறுவனாயிருந்தபோது உறவினர் பண்ணையில் ஒரு பன்றி கொல்லப்பட்டதைக் கண்டது தம் மனத்தை மாற்றிற்று என்று அவர் கூறியிருக்கிறார். 95 வயது வரை வாழ்ந்து 2005ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லுதல் தகும். பி 12 என்னும் உயிர்ச்சத்து 1948ஆம் ஆண்டில்தான் தனியே பிரித்தறியப்பட்டது. நம் உடலுக்கு இன்றியமையாத அது, தாவர உணவிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை. ஆகவே இந்நெறியில் நிற்போர் அதனை மாத்திரையாகவோ, அச்சத்துச் சேர்க்கப்பட்ட உணவாகவோ பெறல் வேண்டும். கருணையோடு அறிவும் சேர்ந்து நடக்கவேண்டிய இடம் இது.

சனிக்கிழமை மாலை வந்தது. தென்கிழக்கு இலண்டனில் லூயிஷம் என்னும் பகுதி. ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்டு வரிசையாக நிற்கும் பழைய செங்கல் வீடுகள். அவற்றுள் ஒன்றின் கதவை என் பெறாமகள் தட்டினாள். மேலங்கியின் மேல் மாவுத்தூள் படிந்த ஓர் அம்மையார் கதவைத் திறந்தார். வயது என் வயதே இருக்கும். பகலில் அவரும் ஒரு பாடசாலையிலே கற்பிப்பவர் என்பதைப் பிறகு அறிந்தேன். எங்கள் பெயரைக் கேட்கும் முன்னரே, "குளிரில் நிற்கவேண்டாம், உள்ளே வாருங்கள்" என்றார். பணம் வாங்கிய கடைக்காரரின் குரலாக அஃது எனக்குத் தோன்றவில்லை.

முன் அறையில் இரண்டு மேசைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு விரிப்பை விரித்திருந்தார்கள். கதிரைகள் ஒன்றைப்போல ஒன்றில்லை. பியானோ வாத்தியத்தின் முன் இடும் சிறு பலகையாசனமும் இருக்கையாகியிருந்தது. பன்னிருவர் அமர்ந்தோம். பேருந்து ஓட்டும் ஒருவர்; இரண்டு பல்கலைக்கழக மாணவர்; அதே தெருவில் தனியே வாழும் எண்பது வயது மூதாட்டி ஒருவர்; யமேக்காத் தீவிலிருந்து பெற்றோர் காலத்தில் வந்து குடியேறிய ஓர் அம்மையார்; இன்னும் சிலர். முதலிற் சற்றே தயக்கம் நிலவியது. உரொட்டித் துண்டுகளும், அவரையினப் பருப்பை மசித்துப் பூண்டு சேர்த்த துவையலும் மேசையின் நடுவே வைக்கப்பட்டன. ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்து அடுத்தவருக்கு நீட்டவேண்டியிருந்தது. நீட்டும்போது பேச்சுப் பிறந்தது. உணவுக்கு இப்படியொரு வல்லமை உண்டு என்பதை நமது மோதகப் பானையடியிலும் பொங்கல் அடுப்படியிலும் நாம் கண்டிருக்கிறோம்.

அடுத்து ஒரு சூப்பு வந்தது. பாஸ்னிப் என்பது கரட்டுக்கு உறவான ஒரு வெண்ணிறக் கிழங்கு. அதனை அவித்து மசித்துச் செய்தது. பின்னர் பிரதான உணவு. மூடியைத் திறந்தபோது எழுந்த மணம் எனக்குப் பழக்கமானதாயிருந்தது. பலாப்பிஞ்சு! தகரத்தில் அடைத்து விற்கப்படும் பலாப்பிஞ்சை நார்நாராகப் பிய்த்து, தக்காளியும் வாசனைச் சரக்குகளும் இட்டு, மெதுவாக வேகவைத்திருந்தார் அந்த அம்மையார். வெறுந் தகரத்தையும் கொண்டுவந்து காட்டினார். இலங்கையில் விளைந்தது என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. இறைச்சிக்கு ஈடாக மேல்நாட்டார் அதனைப் போற்றுகிறார்கள். எங்கள் வீட்டுக் கோடியில் காய்த்துத் தொங்குவதும், பஞ்ச காலங்களில் இந்நாட்டு ஏழைகளின் பசியை ஆற்றியதுமாகிய அந்தக் காய், பன்னிரண்டு பேர் வியந்து நோக்கும் பண்டமாக அங்கே வீற்றிருந்தது.

யமேக்கா அம்மையார் தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். ராஸ்தபாரி என்னும் சமயநெறியில் நின்றவராம். அந்நெறியினர் 'ஐட்டல்' என்று வழங்கும் உணவில் இறைச்சி சேர்ப்பதில்லை. உப்பையும் பலர் தவிர்ப்பர். தேங்காய்ப் பாலில் கிழங்கும் பயறும் கீரையும் வேகும். நான் உடனே நமது சமையலைப் பற்றிக் கூறினேன். யாழ்ப்பாணத்து அடுக்களையிலே பால் விட்டு இறக்குதல் என்றால் மாட்டுப் பாலன்று, தேங்காய்ப் பால். முதற்பால் என்றும் இரண்டாம் பால் என்றும் அதற்கு முறை உண்டு. சொதியும் கீரையும் பயற்றங்காய்க் கறியும் இடியப்பமும் புட்டும் அப்படியே இந்த மேசையில் வைக்கத் தக்கவை என்றேன். அனைவரும் ஆவலோடு கேட்டனர். ஆசிரியருக்கு வகுப்புக் கிடைத்துவிட்டால் நிறுத்தத் தெரியாது என்பது நீங்கள் அறியாததன்று. நான் மேலும் சொன்னேன்: "நாங்கள் சைவர்கள். உயிர்க்கொலை கூடாது என்பதை எங்கள் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். புலால் மறுத்தலைப் பற்றித் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. என் தாயார் தம் வாழ்நாளில் ஒரு முட்டையையேனும் அடுக்களைக்குள் அனுமதித்ததில்லை."

அப்பொழுது மாணவருள் ஒருவர் பணிவாகக் கேட்டார்: "பால் குடித்தீர்களல்லவா? அந்தக் கன்றுக்கு என்னவாயிற்று?"

நான் சிறிது தடுமாறினேன். எங்கள் வீட்டிலே பசு இருந்தது. இரண்டு காம்பு கன்றுக்கு விட்டு மற்ற இரண்டையே அம்மா கறப்பார். மேல்நாட்டுப் பெரிய பண்ணைகளில் கன்றைப் பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தாயிடமிருந்து பிரித்துவிடுவது போல நாங்கள் செய்ததில்லை. அதை நான் சொன்னேன். ஆனால், நாம்பன் கன்றுகள் வளர்ந்ததும் விற்கப்பட்டன. விற்ற பின்னர் அவை எங்கே போயின என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கன்று இறந்துபோனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாய்ப்பசுவின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கத்தையும் நான் ஊரிலே கண்டிருக்கிறேன். அவற்றையும் ஒளிக்காமற் சொன்னேன். காந்தியடிகள் இதே கேள்வியால் வருந்தி, 1912ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் பாலைத் துறந்தார் என்பதும், பின்னர் கடும் நோயின்போது ஆட்டுப் பாலை ஏற்று, அதற்காக ஆயுள் முழுதும் மனம் நொந்தார் என்பதும் என் நினைவுக்கு வந்தன. அந்த மாணவர் வாதாடவில்லை. தலையசைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் வார்த்துத் தந்தார்.

கேள்வி அதோடு முடியவில்லை. அதுவரை மௌனமாக இருந்த மூதாட்டியார் என்னை நோக்கி, "உங்கள் தாயாரின் மேசையும் இப்படித்தான் இருந்திருக்கும். யார் யார் வந்து உண்பார்கள்?" என்று கேட்டார்.

கள்ளமில்லாத கேள்வி. உபசாரமாகக் கேட்டது. ஆனால், நேயர்களே, அதற்கு நான் அளித்த மறுமொழி உண்மையன்று. "நிறையப் பேர் வருவார்கள்" என்று சொல்லி, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். அந்த மேசையிற் சொல்லாததை இன்று உங்கள் முன்னிலையிற் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1980ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் வகுப்பில் படித்தேன். கணக்கிலே என்னிலும் கெட்டிக்காரியான ஒரு தோழி எனக்கு இருந்தாள். அவளுடைய தகப்பனார் பனையேறும் தொழில் செய்தவர். கணக்குச் சொல்லித் தருவதற்காக அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். விறாந்தைப் படியோடு அவள் நிற்பாள். புட்டு அவித்த நாட்களில் எனக்கு உள்ளே தட்டத்திலும், அவளுக்கு முற்றத்தில் வாழையிலைத் துண்டிலும் அம்மா கொடுப்பார். இலையென்றால் கழுவி வைக்கவேண்டிய பாத்திரம் இல்லையல்லவா? ஒரே புட்டு, ஒரே கறி, இடையிலே ஒரு வாசற்படி.

ஒருநாள் அவள் தன் தாயார் அவித்த பனங்கிழங்கிற் கொஞ்சம் ஓலைப் பெட்டியிற் கொண்டுவந்தாள். அம்மா முகமலர்ச்சியோடு வாங்கிக்கொண்டார். அவள் படலையைத் தாண்டிய பின்னர், அக்கிழங்கு முழுவதையும் கொண்டுபோய்ப் பசுவுக்குப் போட்டார். மறுநாள் வகுப்பிலே அவள் என்னிடம், "கிழங்கு நல்லாய் இருந்ததோ?" என்று கேட்டாள். "நல்லாய் இருந்தது" என்றேன்.

என் தாயார் கொடியவரல்லர். எறும்புக்கும் அரிசிமாவிட்டவர். ஊரார் எல்லாரும் எப்படி நடந்தனரோ அப்படி அவரும் நடந்தார். அதனால் அது சரியாகிவிடாது. எங்கள் அடுக்களை, ஓர் உயிரின் ஊன் உள்ளே வராமல் காத்தது. அதே அடுக்களை ஒரு சிறுமியையும் உள்ளே வராமல் தடுத்தது. முன்னதைத் தூய்மை என்றோம். பின்னதையும் அதே சொல்லால் அழைத்தோம்.

இதை எதிர்த்தோர் நம்மிடையே இல்லாமலில்லை. 1924ஆம் ஆண்டில் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் எல்லாரும் ஒன்றாயிருந்து உண்ணும் சமபந்தி போசனத்தை அக்காலத்திலேயே முன்னெடுத்தது. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. கடையிலோ உணவுச்சாலையிலோ சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. சட்டம் தேநீர்க் கடையின் கதவைத் திறக்கலாம். வீட்டு அடுக்களையின் கதவை அது திறக்க இயலாது. அதனை வீட்டார்தாம் உள்ளிருந்து திறக்கவேண்டும்.

எங்கள் வீட்டுக் கதவு எப்படித் திறந்தது என்பதையும் சொல்லுகிறேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. நானும் அம்மாவும் மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தோம். விடியற்காலையில் கால் ஓய்ந்து ஒரு வேலியோரம் அமர்ந்துவிட்டோம். மண்சுவர் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து எங்களை உள்ளே அழைத்தாள். தாழ்வாரத்தில் முட்டிகளும் தளநாரும் பாளைக்கத்தியும் தொங்கின. அது யாருடைய வீடு என்று அம்மாவுக்கு விளங்கிற்று. எனக்கும் விளங்கிற்று.

அப்பெண் பெரிய பானையிற் கஞ்சி காய்ச்சியிருந்தாள். எங்களைப்போல் வந்த முப்பது நாற்பது பேர் முற்றத்தில் இருந்தனர். எங்கள் கோலத்தையும் அம்மாவின் நெற்றித் திருநீற்றையும் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "அம்மா சைவம் போலை. பயப்பிடாதேங்கோ. இது மச்சம் படாத பானை. புறிம்பாய் வைச்சிருக்கிறன்."

எங்களை யாரென்று அவள் கேட்கவில்லை. எங்கள் வழக்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்தாள். கோப்பைகள் போதாமையால் கஞ்சியைச் சிரட்டைகளில் வார்த்துக் கொடுத்தாள். சிரட்டையில் வார்ப்பது என்பது எங்கள் ஊரில் என்ன பொருளைக் கொண்டிருந்தது என்பதை நம்மவர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. அம்மா அந்தச் சிரட்டையை இரு கைகளாலும் வாங்கினார். ஒரு கணம் பார்த்தார். குடித்தார். பின்னர் அதனை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வார், பிள்ளை" என்றார். அன்று முதல் இறக்கும் வரை எங்கள் வீட்டில் அவர் ஒருவரையும் முற்றத்தில் இருத்தி உணவு கொடுத்ததில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

இலண்டன் மேசைக்கு மீண்டும் வருவோம். கடைசியாக ஓர் இனிப்பு வந்தது. வெண்ணிற நுரையை இறுகச் சுட்டாற்போன்ற மெல்லிய பணியாரம். மேலே அவித்த பேரிக்காய். முட்டையின் வெள்ளைக் கருவினாற் செய்வது வழக்கமாம்; ஆனால் இது கடலை அவித்த தண்ணீரை அடித்து நுரைக்கச் செய்து சுட்டது. அந்தத் தண்ணீர் அவ்வாறு நுரைக்கும் என்பதைப் பிரான்சு நாட்டவர் ஒருவர் 2014ஆம் ஆண்டில்தான் கண்டறிந்தாராம். கோயிற் சுண்டலுக்குக் கடலை அவித்து எத்தனை பானைத் தண்ணீரை நாம் வாழையடியில் ஊற்றியிருக்கிறோம்!

விடைபெறும்போது வீட்டுக்கார அம்மையாரிடம், பகல் முழுதும் பாடசாலையில் உழைத்தபின் இந்தப் பாடு எதற்கு என்று கேட்டேன். பொருட்செலவு போக மிஞ்சுவது அதிகமில்லை என்றார். பிள்ளைகள் வெளியேறிவிட்ட பின்னர் மேசை வெறுமையாய்க் கிடந்தது. அதனால் தொடங்கினேன் என்றார். தெருமுனை மூதாட்டியாரிடம் அவர் பணம் வாங்குவதில்லை என்பதை என் பெறாமகள் வழியிற் சொன்னாள்.

குறை சொல்லாமல் விடுவதும் நேர்மையன்று. 45 பவுண் கொடுக்கக்கூடியவர்க்கே அந்தக் கதவு பெரும்பாலும் திறக்கிறது. அதே நகரில் இலவச உணவுப் பொதிக்காக வரிசையில் நிற்போரும் இருக்கின்றனர். விலங்குக்கு இரங்கும் மேசையிலே வறியவனுக்கு இடம் இல்லையாயின், எங்கள் பழைய அடுக்களையின் குறையே வேறு வடிவில் அங்கும் நிற்கிறது. எனினும், முன்பின் அறியாத பன்னிருவரை ஒரே உயரத்தில் இருத்தி, ஒரே பாத்திரத்தைக் கைமாற்றி உண்ணச் செய்தது அந்த வீடு. ஒவ்வொருவரிடமும் எது ஆகாது என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்திருந்தது. தென்மராட்சிப் பெண், சட்டம் எதுவும் இல்லாமலே, அதைத்தான் செய்தாள், பணமும் வாங்கவில்லை.

இலையில் என்ன இருக்கிறது என்று ஆராய்வது நல்லது. பாலைப் பற்றிய கேள்விக்கு நான் இன்னும் முழுமையான விடை காணவில்லை. தேநீரில் பால் விடுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். ஆயின் பந்தியில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதையும் சேர்த்தே ஆராயவேண்டும். நம் வீட்டில் இதுவரை ஒருநாளும் உண்ணாத ஒருவரை இந்த மாதத்தில் ஒருநாள் அழைத்து, நம்மோடு சமமாக இருத்தி, நம் தட்டத்திலேயே பரிமாறுவோமாக. அதற்குப் பலாப்பிஞ்சும் பேரிக்காயும் வேண்டியதில்லை. புட்டும் சொதியும் போதும்.

முடிவாக ஒரு வார்த்தை. என் பள்ளித் தோழி இன்று எங்கே இருக்கிறாள் என்பதை நான் அறியேன். இடப்பெயர்வுகள் எங்களை வெவ்வேறு திசைகளிற் கொண்டுபோய்விட்டன. எங்கேனும் ஒரு வீட்டில் இந்த வானொலி ஒலித்து, அவள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாளாயின், அவளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: நீ கொண்டுவந்த கிழங்கை நான் தின்னவில்லை. நல்லாய் இருந்தது என்று உனக்குப் பொய் சொன்னேன். என் வீட்டுக்கு வா.